காத்து கூடுதலா இருக்கிற மாசம்

— ஏப்ரல் வேண்டாம்னு சொல்லிட்டேன். எழுதாதீங்க. பேனாவை மூடுங்க முதல்ல.

— ஏன் வேண்டாம்? இந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் என்ன சொல்லுச்சு? ஏப்ரல்ல அந்த மலை ஊர்ல மரமெல்லாம் பூத்து நிக்குமாம். குளிரும் இல்ல, வெயிலும் இல்ல. இதைவிட என்ன வேணும் உனக்கு?

— பூத்து நின்னா எனக்குத் தும்மல் வரும். பக்கத்து வீட்டு வேலியில நாலு பூ பூத்தாலே பத்து நாள் மூக்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். அங்க ஊரே பூத்தா நான் என்ன ஆகறது?

— ஒண்ணு சொல்லட்டுமாம்மா? இந்த டிராவல்ஸ்ல சேந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அந்த ஊருக்கு டிக்கெட் கேட்டு வர்றவங்க முக்கால்வாசிப் பேர் ஏப்ரல்தான் கேப்பாங்க. பூ வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்.

— அப்ப என் படத்தை சுவத்துல மாட்டி வைம்மா.

— இவ கிடக்கறா. ஏப்ரல் அடிச்சாச்சு. அதாவது, அடுத்து மே.

— என்ன சார் இது, நோட்டுல ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வெச்சிருக்கீங்க?

— அதாவதும்மா, முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனைக்குக் கிளம்புச்சு, எல்லாம் எழுதி எழுதியே ஓட்டினவன். எழுதலைன்னா எனக்கு மண்டையில எதுவும் நிக்காது.

— அப்ப உங்க ஸ்டாண்டுல பஸ்ஸெல்லாம் டாண்ணு கிளம்பியிருக்குமே சார்.

— ஒரு நிமிஷம் பிசகாது.

— ம்க்கும்.

— என்ன ம்க்கும்?

— தொண்டை. மூணு மாசமா எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல இந்த நோட்டுதான்மா. தட்டு வெக்க இடமில்ல. நான் மடியில வெச்சுத் தின்னுட்டிருக்கேன்.

— மே மாசம் நானே வேண்டாம்னுடுவேன் சார். ஸ்கூல் லீவு. ரோட்டுல கால் வெக்க முடியாது, ரூம் எங்கயும் கிடைக்காது.

— ரூம் எதுக்கு? எங்க பொண்ணே அங்கதான் இருக்கா.

— அப்படியா? எத்தனை வருஷமா?

— ஆறு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு. அவ கட்டிக்கிட்ட வாத்தியாருக்கு அங்க ஒரு ஸ்கூல்ல வேலை.

— மாப்பிள்ளைன்னு சொன்னா வாய் வெந்துடும் இவருக்கு.

— சார், தப்பா நினைக்காதீங்க. பொண்ணு அங்கயே இருக்காங்கன்னா எந்த மாசம் வரலாம்னு அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுதே. நான் இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு சொல்றேன். அவங்க ஜன்னலைத் திறந்து பாத்துட்டே சொல்லுவாங்க.

— அது… சொல்லாமப் போய் நிக்கலாம்னு.

— ஓ, சர்ப்ரைஸா?

— ஆமா. அதுதான்.

— தொண்டை ரொம்பக் காயுதும்மா. குடிக்கத் தண்ணி இருக்கா?

— அந்த மூலையில கேன் இருக்குப் பாருங்க. டம்ளர் கழுவினதுதான்.

— நீ உக்காரு, நான் பிடிச்சுட்டு வர்றேன். இந்தா. மெதுவாக் குடி. அதாவதும்மா, நான் உன்கிட்ட வெளிப்படையாச் சொல்லிடறேன். இவளுக்கு நெஞ்சுல ஒரு வால்வு சரியில்ல. இந்த வருஷத்துக்குள்ள போறதுன்னா மாத்திரை போட்டுட்டுப் போயிட்டு வரட்டும், அடுத்த வருஷம் அந்த உயரத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனாலதான் இவ்வளவு விசாரிக்கறேன். எந்த மாசத்துல அங்க காத்து கொஞ்சம் கூடுதலா இருக்கும்?

— காத்து எல்லா மாசமும் மெலிசுதான் சார். அது உயரம். மாசத்துக்கு மாசம் மாறாது.

— கொஞ்சம்கூட மாறாதா?

— குளிர் கம்மியா இருந்தா மூச்சு வாங்கறது கம்மியா இருக்கும். அவ்வளவுதான். போனதும் ரெண்டு நாள் படுத்தே இருக்கணும். பேசக்கூட கூடாது.

— அது இவளால முடியாதே.

— சிரிங்க, சிரிங்க. ஜூலையை விட்டுட்டீங்க. ஜூலைல போனா என்ன ஆகும்னு கேளுங்க.

— ஜூலை, ஆகஸ்ட் ரெண்டும் மழைம்மா. மலை ரோட்டுல அங்கங்க மண்ணு சரியும்.

— பாத்தீங்களா? உயிரோட மண்ணுக்குள்ள போகணுமா நான்?

— மண்ணு சரிஞ்சா ரெண்டு மணி நேரத்துல ஒதுக்கி விட்டுடுவாங்க. எத்தனை பஸ்ஸை அனுப்பியிருக்கேன் நான்.

— அந்த பஸ்ஸுல நீங்களா உக்காந்து போனீங்க?

— சார், சண்டை வேண்டாம். ஜூலை வேண்டாம்னு அம்மா சொல்றது சரிதான். டிசம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் பனி, அதுவும் வேண்டாம்.

— அது பேச்சே வேண்டாம்.

— ஆமா, பேச்சே வேண்டாம்.

— அப்பாடா, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரு விஷயம் வந்துச்சு. அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. செப்டம்பர். மழை கழுவி விட்டு வானம் பளிச்சுனு இருக்கும். பகல்ல ஸ்வெட்டர்கூட வேண்டாம். கூட்டம் போயிருக்கும். பள்ளத்தாக்குல எந்த மொட்டை மாடியில நின்னாலும் சுத்தி மலை தெரியும். எங்க அப்பா அம்மாவை அனுப்பறதுன்னா நான் செப்டம்பர்லதான் அனுப்புவேன்.

— செப்டம்பர்ல என் தங்கச்சி வீட்டுக் கல்யாணம்.

— அது நவம்பர்லதானே?

— முன்னாடி தள்ளி வெச்சாலும் வெப்பாங்க.

— யார் சொன்னா?

— மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவசரக்காரங்க.

— சரி, அக்டோபர். அதுவும் நல்லாத்தான் இருக்கும்னு எழுதி வெச்சிருக்கேன். அக்டோபர் முதல் வாரம்.

— அக்டோபர்ல வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்.

— அது வாடகை வீடுடீ. வெள்ளையடிக்க வேண்டியது வீட்டுக்காரன்.

— அவன் அடிக்கறப்ப சாமானை யாரு நகத்தறது? நீங்களா?

— கேட்டியாம்மா? மூணு மாசமா இதே கதைதான். நான் கிழக்கேன்னா இவ மேற்கேம்பா. பொண்ணைப் பாக்கப் போறதுக்கு ஒரு தாய் இப்படிப் பிகு பண்ணி நீ பாத்திருக்கியா?

— சார், ஒண்ணு பண்ணுங்க. மாசம் எதுவா இருந்தாலும் மேல போறதுக்குப் பர்மிட் எடுக்கணும். அதுக்கு ஐடி கார்டு ஜெராக்ஸ் வேணும். எதிர் வரிசையில மருந்துக்கடை மாடியில எடுப்பாங்க. நீங்க எடுத்துட்டு வாங்க, அதுக்குள்ள நான் அம்மாகிட்டப் பேசிப் பாக்கறேன்.

— அதுதான் சரி. உன் கார்டு எங்க?

— பையில சின்ன ஜிப்புல. ரோட்டைப் பாத்துத் தாண்டுங்க.

— பஸ் ஸ்டாண்டுலயே குப்பை கொட்டினவனுக்கு ரோடு தாண்டச் சொல்லித் தர்றா. சரி, வர்றேன்.

— போயிட்டார்மா. இப்பச் சொல்லுங்க. உங்களுக்குப் போகவே இஷ்டமில்லையா?

— யார் சொன்னா?

— தும்மல்னீங்க, கல்யாணம்னீங்க, வெள்ளையடிக்கணும்னீங்க. ஒன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. போக இஷ்டமில்லாதவங்க முகத்தைப் பாத்தாத் தெரியும்.

— போக இஷ்டமில்லாம இல்லம்மா. பாத்திரம் தேய்க்கறப்ப, துணி மடிக்கறப்ப, எப்பவும் அவ நினைப்புதான். ஆறு வருஷம் ஆச்சு, அவ முகத்தைப் போன்லதான் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில இவர் நடக்கக் கிளம்பினதும் கூப்பிடுவா. ஒரு மணி நேரம். இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் வெச்சுடுவோம்.

— அவருக்குத் தெரியாதா?

— தெரியாது. அவ என்ன சொல்றாங்கறதும் தெரியாது. எந்த மாசம் வேணாலும் வாம்மாங்கறா. பனியா இருந்தாலும் வா, மழையா இருந்தாலும் வா, நான் தூக்கிட்டுப் போறேன்கறா. அப்பா மட்டும் வேண்டாம்கறா.

— ஏன்மா?

— அவ கல்யாணம் இவருக்குப் பிடிக்கலை. அது எந்த வீட்டுலயும் நடக்கறதுதான். ரெண்டு பேரும் பதிவு பண்ணிக்கிட்டு, அன்னைக்கே ஊருக்குக் கிளம்பறாங்க. பஸ் ஆறு பத்துக்கு. இவர் ஸ்டாண்டுல இருந்துதான். நான் அவ துணி, சர்ட்டிபிகேட்டு எல்லாம் ஒரு பையில போட்டுட்டு ஓடறேன். அவ இறங்கி இவர்கிட்டப் போய், அப்பா, அம்மா வந்துட்டிருக்காங்க, பாத்துட்டுப் போயிடறேன்னு கேட்டிருக்கா.

— நிறுத்த மாட்டேன்னுட்டாரா?

— நிறுத்தவே வேண்டாம்மா. இன்னும் நாலு நிமிஷம் இருந்துச்சு. மேலதிகாரி பொண்டாட்டி வரணும்னு ஒருநாள் இருபது நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வெச்ச மனுஷன்தான். அன்னைக்கு அவளை ஏறச் சொன்னார். அவ ஏறினதும் விசில் ஊதினார். நான் ஸ்டாண்டு வாசல்ல நுழையறேன், மேல கடிகாரத்துல ஆறு எட்டு. பஸ் வளைவுல திரும்புது. பின் கண்ணாடியில கை வெச்சுட்டு அவ என்னைப் பாக்கறா. நானும் பாக்கறேன். அவ்வளவுதான்.

— ஐயோ.

— முப்பத்திரண்டு வருஷத்துல நேரத்துக்கு முன்னாடி இவர் அனுப்பினது அந்த ஒரு பஸ்ஸைத்தான். ரிஜிஸ்டர்ல மட்டும் ஆறு பத்துன்னு எழுதியிருந்தார்.

— நீங்க ஒண்ணும் கேக்கலையா?

— ஒரு வருஷம் பேசவே இல்லை. அப்புறம் பேசாம யார்கூடப் பேச? வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர். கேட்டா, என்ன பெரிய நாலு நிமிஷம்னுவார். தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை இன்னைக்கு வரைக்கும் வரலை.

— உங்க பொண்ணு கீழ வந்து பாத்துட்டுப் போகலாமே.

— அந்த ஸ்டாண்டுல வந்து இறங்கணுமேம்மா. இறங்க மாட்டேன்னுட்டா. அவளும் இவர் பொண்ணுதானே. பிடிவாதம் ஒரு சொட்டு குறையுமா?

— அப்ப நீங்க தனியாப் போயிட்டு வாங்கம்மா. நான் கூடவே ஆள் ஏற்பாடு பண்ணித் தர்றேன்.

— இவர்கிட்ட என்ன சொல்லிட்டுப் போக? உங்களை வேண்டாம்னுட்டா, நான் மட்டும் போறேன்னா? மாசத்துக்கு ஒரு பக்கம் கோடு போட்டு எழுதிட்டிருக்கற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்ல? காத்து எப்பக் கூடுதலா இருக்கும்னு கேக்கறாரு பாரு, கிறுக்கு மனுஷன். கோபம் வருது, பாவமாவும் இருக்கு. ரெண்டையும் வெச்சுட்டு நான் என்னதான் பண்ண?

— அதுக்காக எல்லா மாசத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டே இருப்பீங்களா?

— சொல்லிட்டே இருக்க வேண்டியதுதான். மே வேண்டாம், ஜூலை வேண்டாம், செப்டம்பர் வேண்டாம். தள்ளிட்டே போனா வருஷம் ஓடிடும். அப்புறம் டாக்டரே வேண்டாம்னுடுவார். யார் மேலயும் குத்தம் இல்லை.

— பொண்ணைப் பாக்காமலேயே விட்டுடுவீங்களா?

— பாக்காமலேதான். இதுல வேற வழி உனக்கு ஏதாவது தெரியுதா? தெரிஞ்சா சொல்லு. நானும் ஆறு வருஷமாத் தேடறேன்.

— இந்தாங்கம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க.

— அவர் படியேறி வர்றார். ஒண்ணும் காட்டிக்காதே. செப்டம்பர்ல ரோடு வேலை நடக்குதுன்னு சொல்லு. அக்டோபருக்கும் ஏதாவது சொல்லிடு.

— வந்துட்டேன். மிஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு. இந்தாம்மா, கருப்பா விழுந்திருக்கு, ஆனா முகம் தெரியுது. என்ன, ஏதாவது ஒத்துக்கிட்டாளா?

— சார், செப்டம்பர்ல… அதாவது, அந்தப் பக்கம் ரோடு வேலை… சார், இதுல ஒரு ஜெராக்ஸ்தானே இருக்கு. அம்மாவோடது மட்டும்.

— ஒண்ணுதான் எடுத்தேன்.

— உங்களோடது?

— அது எதுக்கு? போறது ஒரு ஆள்தானே.

— என்னங்க உளறிட்டிருக்கீங்க?

— செப்டம்பர் பத்து போடும்மா. ஜன்னல் சீட்டு வேண்டாம், வளைவுல இவளுக்குத் தலை சுத்தும். முன்னாடி இருந்து ரெண்டாவது வரிசை. டிரைவர்கிட்டச் சொல்லி விடு, வழியில நிறுத்தற இடத்துல மாத்திரைக்கு வெந்நி வாங்கித் தரணும்னு.

— நான் தனியா எங்கயும் போக மாட்டேன்.

— போவ. நீ வர்றேன்னு சொன்னா அவ விடியக்காலமே வந்து அந்த ஊர் ஸ்டாண்டுல நிப்பா.

— ஏம்மா, இவர் வந்தப்ப நீ ஏதாவது ஜாடை காட்டினியா?

— சத்தியமா இல்லம்மா. உங்க கண் முன்னாடிதானே வந்தார்.

— அந்தப் பொண்ணை ஏன் மிரட்டற? போன வருஷம் ஜனவரியில பென்ஷன் பேப்பர் விஷயமா தலைமை ஆபீஸுக்குப் போறேன்னு நாலு நாள் போனேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. காய்ச்சலோட வந்தீங்க.

— ஆபீஸுக்குப் போகலை. அங்கதான் போனேன். கதவைத் தட்டினேன், திறந்தா. என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா. படிக்கட்டுல நீ இல்லைன்னு தெரிஞ்சதும் சாத்திட்டா.