சுகமான நாளில் அளந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத் தலைவர் முக்தார் ஹாஜியார் அவர்களே, தகப்பனைப் பறிகொடுத்த துயரத்தோடு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் டாக்டர் ஐயாவின் மகன் ஹஸீப் அவர்களே, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தோட்டத்துச் சொந்தங்களே! எல்லோருக்கும் கன்னையாவின் வணக்கம்.

நான் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் ரோலர் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்பை நான் தாண்டவில்லை. அதுதான் என்னைத் தாண்டிப் போனது. புறப்படும்போது என் மனைவி விஜயகலா, "டாக்டர் ஐயாவப் பத்திப் பேசுங்க. ஒங்களப் பத்தியே பேசிட்டு வந்துறாதீங்க" என்றாள். இதோ, மீறியாகிவிட்டது.

நம் டாக்டர் மஹ்ரூப் அவர்களை அடக்கம் செய்து மண்கூடக் காயவில்லை. அதற்குள் அவர் பிள்ளைகளின் காதில் வைத்து அளந்த மெஷினை நம் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப் போவதாகப் பேச்சு. அதனால்தான் இந்த மைக்கைப் பிடிக்கத் துணிந்தேன்.

ஊர் அவரைக் காது டாக்டர் என்றது. அவர் காதில் பார்த்தது காதையா? தலையை! என் மகள் சுதர்ஷினிக்குப் பிறந்ததிலிருந்தே தலைக்குள் நீர் கட்டும். அது வயிற்றுக்கு இறங்கிப் போகக் கொழும்பில் ஒரு குழாய் வைத்தார்கள். குழாய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை தலை வலிக்கிறது என்றால் வெறும் காய்ச்சலா, குழாயா? மண்டையைத் துளைக்காமல் தலைக்குள் இருக்கும் அழுத்தம் எப்படித் தெரியும்?

"காதுல பாக்கலாம்" என்று வந்தவர் அவர். மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதுக்கும் நடுவே மெல்லிய வழி ஒன்று உண்டாம். தலைக்குள் அழுத்தம் ஏறினால் காதுக்குள்ளும் ஏறுமாம். காதில் ஒரு அடைப்பானை வைத்துச் சத்தம் கொடுத்தால் செவிப்பறை துளியளவு அசையும். அசைகிற விதத்தை மெஷின் காட்டிக்கொடுக்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை, ரத்தம் இல்லை!

"எனக்கும் பாருங்களேன் ஐயா" என்றேன்.

"பெரிய ஆக்களுக்கு அந்த வழி கூடுதலா அடைபட்டிரிக்கும், கன்னையா."

விஜயகலா விடுவாளா? "அது கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியுங்க ஐயா. நாஞ் சொல்றது எதுவும் உள்ள போறதே இல்ல!"

டாக்டர் சிரித்த சிரிப்பில் தாதி நுஸ்கா மிஸ்ஸி ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு டாக்டர் சொன்னார்: "புள்ள சுகமா இரிக்கக்குள்ள கூட்டி வாங்க. ஒவ்வொரு புள்ளக்கும் காது வேற மாதிரி. சுகமான நாள் அளவு இல்லாட்டி, சுகமில்லாத நாள் அளவ எதோட வெச்சுப் பாக்கிற?"

நாங்கள் என்ன செய்தோம்? ஆபரேஷனால் தள்ளிப்போன காதுகுத்தை நினைத்துக்கொண்டு தாய்மாமன் தினேஷ் கம்மலோடு வந்து நின்றான். "டாக்டர் காதப் பாக்கப் போறாரு. மூளிக் காதோடயா கொண்டு போவீங்க? தாய்மாமன் செத்துட்டான்னு நெனப்பாரு மச்சான்!"

குத்தியாகிவிட்டது. அளக்கப் போன அன்று இரண்டு காதும் பணியாரம்போல் வீங்கியிருந்தன. அடைப்பானைக் கண்டதும் பிள்ளை கூரை அதிர அலறினாள். அழுதாலே அழுத்தம் ஏறும். அளவு எடுத்துப் பயனில்லை.

டாக்டர் திட்டினாரா? முறைத்தாரா? "கம்மல் வடிவா இரிக்கி. மாமா வாங்கினதா?" என்றார். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். "புண் ஆறட்டும். நானே வாறன்."

வந்தார்! மெஷினைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வாகனம் ஏறாத பாதையில் எங்கள் லயத்து வீட்டுக்கே நடந்து வந்தார். அளக்கும்போது சத்தம் ஆகாது. ரேடியோ நின்றது, குழாயடிச் சண்டை நின்றது. குரைக்கிற நாயின் வாயைப் பொத்திக்கொண்டு தினேஷ் உட்கார்ந்திருந்தான். கம்மல் கொண்டு வந்ததற்கு அதுதான் தண்டனை!

அந்த அளவுதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது. போன மழைக்காலத்தில் தலைவலி, வாந்தி. டாக்டர் மறுபடி அளந்து, பழையதோடு ஒப்பிட்டார். "மாறி இரிக்கி. இத மட்டும் வெச்சு முடிவா சொல்ல ஏலா. ஆனா காத்திட்டு இரிக்கவும் ஏலா" என்று கொழும்புக்கு அனுப்பினார். அங்கே படம் எடுத்துப் பார்த்தால், குழாய் அடைத்திருந்தது. புதுக் குழாய் வைத்தார்கள். அதோ, முன்வரிசையில் மிக்ஸர் தின்றுகொண்டிருக்கிறாள்.

ஆனால் சொந்தங்களே, புதுக் குழாய்க்கு அவளுடைய சுகமான நாள் அளவு இன்னும் எடுக்கவில்லை. எடுப்பதற்குள் அந்த மனிதரின் இதயம் நின்றுவிட்டது. இனி அவளுக்குத் தலை வலித்தால் எதோடு ஒப்பிடுவது?

நுஸ்கா மிஸ்ஸிக்கு அளக்கத் தெரியும். டாக்டரே பழக்கியிருக்கிறார். "அளக்க ஆள் வருவதில்லை" என்பதுதான் மெஷினை அனுப்பச் சொல்லும் காரணம். உண்மைதானே? சுகமாக இருக்கும் பிள்ளையை நம்மில் யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்?

டாக்டருக்கு மாலை போட்டால் போதுமா? மெஷினைத் தூக்க வருவதாகச் சொல்லும் வரும் திங்கட்கிழமை, குழாய் வைத்த பிள்ளைகள் எல்லோரையும், சளிகூட இல்லாமல் சுகமாக இருந்தாலும், கூட்டி வாருங்கள். சுதர்ஷினியோடு நான் முதலில் நிற்பேன். அந்த அறை வாசலில் வரிசையாக நிற்போம். மெஷினைத் தூக்க வருகிறவர்கள் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். தள்ளுமுள்ளு வேண்டாம், கோஷம் வேண்டாம், ஒரு சத்தமும் வேண்டாம். உள்ளே பிள்ளைக்கு அளந்துகொண்டிருப்பார்கள்.