சூடைக்கு ஊசி

ஹலோ... ஆங், பென்னி, அம்மாதான்... கேக்குது, கேக்குது, கத்தாத... ஆமா, சூடை என்கூடத்தான் இருக்கா. ராம்நாட்டு மாட்டாஸ்பத்திரியில... பஸ்ஸுல எவன் நாயை ஏத்துவான்? ஆட்டோவுலதான் வந்தேன்.

ஊசி போடுற பாக்கர் வந்து ஒக்காந்திருக்காரா? டீ போட்டுக் குடுத்து அனுப்பி வையி... ஏலே, நல்ல மனுசந்தான், யாரு இல்லேன்னா? காய்ச்சலுக்கு நமக்கு இடுப்புல போட்டுவிடுற ஊசி இல்ல இது. கேன்சர் கட்டிக்கு நரம்புல ஏத்துற மருந்து. கொஞ்சம் வெளிய கசிஞ்சாலும் அந்த எடத்துச் சதை வெந்து அழுகிப் போகுமாம். நீ என்னடான்னா கரையில போட்டு வலைக்கயித்துல காலைக் கட்டுவோங்கிற. அவ துள்ளாம இருப்பாளா?

மருந்தா? அதையும் நாந்தான் எடுத்துட்டு வந்தேன்... ஆமா, ஐஸ் பெட்டியிலருந்து. ஏன்டா, சீலா மீனுக்கு அடியில ஐஸுக்குள்ள பொதச்சு வச்சிருக்கியே, அது என்ன மீனா? ஒறஞ்சு கல்லாக் கெடந்துச்சு... குளுமையா வைன்னு சொன்னா ஐஸுக்குள்ள பொதைக்கிறதா? அது இனி ஆவாதுன்னு டாக்டரம்மா வாங்கித் தனியா வச்சுட்டாங்க. வேற மருந்து போடுறாங்க.

என்னது... தீவுல கொண்டுபோய் விட்டுருவியா? விட்டுப் பாரு. மொதல்ல என்னைத் தூக்கி வள்ளத்துல போடு, அப்புறம் அவளைப் போடு... ஆமாடா, திமிருதான். வச்சுக்க.

ம்... ம்... ஆஸ்லின் மாசமா இருக்கான்னு எனக்கே சொல்லிக் குடுக்குறியா? உன் பொண்டாட்டிதானடா நாயோட தலையைப் புடிக்கிறதா இருந்துச்சு? அவ கைக்குத்தான் அடங்கும்னு நீதான சொன்ன? இந்த மருந்து இருக்குற பக்கமே மாசமா இருக்குறவ வரக்கூடாதாம். ஊசி போட்டபொறவு கொஞ்ச நாளைக்கு நாயோட மூத்திரம், வாந்தி எதையும் வெறுங்கையால தொடக்கூடாதாம்... கேக்குதா?

ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டியார மாட்டேன். கடல்பாசி காயப்போடுற கொட்டாயில நானும் அவளும் கெடந்துக்குறோம். பாசியை அள்ளி பக்கத்துல ஆன்சி வீட்டுல போட்டுட்டுத்தான் வந்தேன். கழுவி விடுறதெல்லாம் நான் பாத்துக்குறேன். ஆஸ்லின் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்... சிரிக்கட்டும். ஊரு சிரிச்சா எனக்கென்ன, பல்லா கொட்டிருச்சு?

அப்படி எனக்கு என்ன செஞ்சாளா? ஒண்ணும் செய்யலடா. பாசி எடுக்க நான் முங்குனா கரையில என் சேலை மேல படுத்துக்கெடப்பா. நான் ஏறி வந்தா எந்திரிப்பா. அம்புட்டுத்தான். உங்கய்யா போனபொறவு, நான் கரையேறுறேனா இல்லையான்னு வேற எவன் பாத்தான்?

...

ஏலே பென்னி... அழுவுறியா? அழுவாத. நான் உன்னையச் சொல்லலை... சரி, உன்னையுந்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்ப.

இந்தா வந்துட்டேன் டாக்டரம்மா... உப்புத்தண்ணி விட்டு நரம்பு நல்லா இருக்குன்னு பாத்துட்டாங்களாம். இப்ப மருந்து ஏத்தணும்... நீ வாரியா? இப்பவேவா?... சரி வா. வந்தா வெளிய நில்லு, உள்ள விடமாட்டாங்க.

இல்லப்பா, இனிமே பேச முடியாது. கிளவுஸு குடுத்துட்டாங்க. அவ அசையாம இருக்கணும், எனக்கு ரெண்டு கையும் வேணும். வைக்கிறேன்.