இசுமி சொன்ன “யாருமில்ல”

குளோரியா: ஆவி கை போனதுக்குக் காரணம் இசுமி இல்ல, அந்தத் தலைவன்...

ஃபிராங்க்ளின்: அவதான்! அவ வாய்தான்!

குளோரியா: என்னைப் பேச விடறியா?

ஃபிராங்க்ளின்: அந்த ஜப்பான் படக்கதையில ஒம்பதாவது புக்கு. பாலத்துச் சண்டை. குலத்தலைவன் வந்து கேக்கறான், “இசுமி, உன் பின்னாடி நிக்கறது யாரு?” இவ என்ன சொல்றா? “யாருமில்ல.” அடுத்த கட்டத்துல, அவ பின்னாடி நின்ன ஆவியோட வலது கை காணோம். வாளோட சேர்த்து!

குளோரியா: அந்தக் கதையில ரூலே அதான? கூட இருக்கறவங்க இல்லேன்னு சொன்னா ஆவி கரையும். தெரிஞ்சேதான் சொன்னா. அது எதிரிக் குலத்து ஆவின்னு தெரிஞ்சிருந்தா அந்த ஆளு அங்கேயே முழுசா எரிச்சிருப்பான். கை போனா என்ன, ஆள் மிச்சம் இல்ல?

ஃபிராங்க்ளின்: வாள் பிடிக்கற கைடி அது!

குளோரியா: பத்தாவதுல இடது கையால போடுது பாரு ஒரு சண்டை... சக்கத்து, செம!

ஃபிராங்க்ளின்: அது வரைஞ்சவர் பெருந்தன்மை.

குளோரியா: வரைஞ்சவங்க பொம்பள. அதான் இசுமிய ஒழுங்கா புரிஞ்சு எழுதியிருக்காங்க.

ஃபிராங்க்ளின்: அப்ப அந்தம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரு பாலத்தத் தாண்ட மூணு புக்கா? சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கே தேவல.

குளோரியா: அடி வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆவியும் தன் சோகக்கதைய சொல்லணும் இல்ல...

ஃபிராங்க்ளின்: குத்துப்பட்டு விழுந்தப்புறமும் சொல்லுது! எட்டுப் பக்கத்துக்கு! பேஜாராயிடுச்சு எனக்கு.

குளோரியா: நாய் ஆவி மட்டும் பேசாது. அதான் எனக்கு அத ரொம்பப் பிடிக்கும்.

ஃபிராங்க்ளின்: நாய் ஆவில நமக்குள்ள சண்டையே இல்ல. ஆனா இசுமி...

குளோரியா: மெதுவாப் பேசு! கீழ உங்கம்மா, எங்க டாடி எல்லாம் உக்காந்திருக்காங்க. மாடிக்குப் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்கன்னு அனுப்பினா, பொண்ணு பாக்க வந்த பையன் இப்படியா கத்துவான்?

ஃபிராங்க்ளின்: பொண்ண முதல் தடவ பாக்கற மாதிரி நடிச்சு நடிச்சு தாடையே வலிக்குது. உங்க டாடி “இவதான் குளோரியா”ன்னாரு. நான் “அப்படியாங்க?”ன்னேன்.

குளோரியா: அது ரொம்ப ஓவர். பேரச் சொன்னதுக்கு யாராவது அப்படியாங்கம்பாங்களா?

ஃபிராங்க்ளின்: நீ மட்டும்? கேக் தட்ட நீட்டி “எடுத்துக்கோங்க சார்”. சாராம்! மெட்ரோல என் கையிலருந்து புக்கப் பிடுங்கி, “லூசு, இத வலது பக்கத்துலருந்து படிக்கணும்”னு சொன்ன வாய் அது.

குளோரியா: பின்ன? பாதி புக்க தலைகீழா படிச்சிட்டு, “ஆவிக்கதை இல்லியா, அதான் செத்தவன் எழுந்து வர்றான்”னு பக்கத்து சீட்டுப் பெரியவருக்கு விளக்கம் வேற! கேட்டுட்டு எப்படி சும்மா இருக்கறது?

ஃபிராங்க்ளின்: அவருக்குப் புரிஞ்சுது.

குளோரியா: அவர் அடுத்த ஸ்டேஷன்ல ஓடிட்டார்.

ஃபிராங்க்ளின்: குளோரி... கீழ போய் உங்க டாடிகிட்ட உண்மையச் சொல்லிடலாமா?

குளோரியா: பைத்தியமா உனக்கு? “லவ் கிவ்வுன்னு எவனும் என் வாசல் மிதிக்கக் கூடாது”ன்னு சொன்ன மனுஷன். எங்க டோரீன் அத்தை நம்ம சர்ச் பங்குல நடத்தற மேரேஜ் பீரோ வழியா உன் ஃபோட்டோ வந்துச்சு, அதான் உன்ன சோபால உக்கார வச்சு கேக் குடுக்கறார். தெரிஞ்சா இன்னிக்கே எல்லாம் முடிஞ்சுது.

ஃபிராங்க்ளின்: இதேதான் ஒம்பதாவது புக்கு.

குளோரியா: அது வேற, இது வேற.

ஃபிராங்க்ளின்: என்ன வேற? நாளைக்கு யாராவது முதல்ல எங்க பாத்தீங்கன்னு கேட்டா, மாடியிலன்னு சொல்லணும். மெட்ரோ கிடையாது. விவேக் நகர் ஸ்டாப்புல மழையில நனைஞ்சது கிடையாது. எனக்கு ஜுரம்னு நீ நொவேனா ஜெபத்துக்குப் போனது கிடையாது. யாருமில்ல, யாருமில்ல, யாருமில்ல... எனக்குக் கை கரையற மாதிரி இருக்கு.

குளோரியா: அழ வைக்காதடா. மை கலையும். கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கட்டும், அப்புறம் மெதுவா... ஷ்! படியில யாரோ. “வாங்க போங்க”ன்னு பேசு.

டோரீன் அத்தை: யப்பா... எவன் கட்டினான் இந்தப் படிய... என்னம்மா சத்தம்? “கை போச்சு, எரிச்சிருப்பான்”னு கீழ வரைக்கும் கேக்குது. தம்பியோட அம்மா ஜெபமாலைய கையில எடுத்துட்டாங்க.

குளோரியா: ஒண்ணுமில்ல அத்தை. ஜப்பான் படக்கதை. ஆவிங்க சண்டை போடும். சாருக்கும் படிக்கற பழக்கமாம்...

டோரீன் அத்தை: எனக்குத் தெரிஞ்ச ஆவி பரிசுத்த ஆவி ஒண்ணுதான். அது சண்டை போடாது.

ஃபிராங்க்ளின்: ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க. கூடவே நிக்கறவன், நல்லவன். அவனக் காப்பாத்தறதுக்காகவே, அப்படி ஒருத்தன் இல்லவே இல்லேன்னு ஒரு பொண்ணு சொல்லலாமா?

டோரீன் அத்தை: அவனுக்கு நல்ல வேலை இருக்கா?

ஃபிராங்க்ளின்: யாருக்கு... ஆவிக்கா?

டோரீன் அத்தை: சும்மா கேட்டேன். சரி, விஷயத்துக்கு வாங்க. கீழ பதில் கேக்கறாங்க. குளோரியா, தம்பியப் பத்தி என்ன நினைக்கற?

குளோரியா: என்னத்த சொல்றது அத்தை... யாரு என்னன்னே தெரியாது. இப்பதான பாத்தேன்...

டோரீன் அத்தை: நீங்க, தம்பி? ஏன், கையத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?

ஃபிராங்க்ளின்: இருக்கான்னு பாத்தேன் ஆன்ட்டி.

குளோரியா: ஐயோ, போதும்டா ஃபிராங்கி! அத்தை... இவன எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். உங்ககிட்ட ஃபோட்டோ குடுக்கச் சொல்லி அனுப்பினதே நான்தான். உங்களையும் ஏமாத்திட்டேன், தப்புதான். டாடி கத்தினாக் கத்தட்டும், இவன் யாருன்னு நானே போய்ச் சொல்றேன். வழி விடுங்க.

டோரீன் அத்தை: நில்லுடி! நீ ஃபோட்டோ அனுப்பறதுக்கு முன்னாடியே உங்கப்பன் உங்க ரெண்டு பேரையும் மெட்ரோல பாத்துட்டு வந்து, “அக்கா, ஒரு புக்குக்காக அடிச்சுக்கறாங்க, ஆனா பையன் நல்லவனாத் தெரியறான்”னு எங்கிட்ட அழுதான். ஆபீஸ்ல விசாரிச்சு, தம்பியோட அம்மாகிட்டயும் பேசி முடிச்சாச்சு. இப்ப “நானே தேடின மாப்பிள்ளை”ன்னு பங்கு முழுக்கச் சொல்லி வச்சிருக்கான், நீ போய் உண்மையச் சொன்னா மூஞ்சிய எங்க வச்சுப்பான்? கண்ணத் தொடைச்சிக்கிட்டு, ரெண்டு பேரும் கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டே எறங்கி வாங்க... காலையிலருந்து நடிச்சு எங்களுக்கும் தாங்கல.