படலையால் போன அப்பா

எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கிறது. கொதிக்கிறது. இறக்க ஆளில்லை. நாங்கள் எல்லோரும் குசினித் தரையில் குப்புறக் கிடக்கிறோம். கூரை ஓடு உடைந்து முதுகில் விழுகிறது. முதலில் தனி வெடி. பிறகு அடுக்கு வெடி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்கிறது. எனக்கு இன்றைக்கும் துவக்குச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் பயம். மொன்றியலில் நான் எதையும் பொரிப்பதில்லை. அவித்துச் சாப்பிடுகிறேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு. ஆவணி மாதம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு. அன்று அக்காவின் கல்யாணத்துக்குப் பலகாரச் சூடு. நல்ல நாள் பார்த்து, அயலில் உள்ள பெண்களை அழைத்து, ஒன்றாக இருந்து சுடுவது எங்கள் வழக்கம். அரியதரம் முடிந்துவிட்டது. பயற்றம் பணியாரத்துக்கு மா குழைத்து வைத்திருந்தோம். அக்காவை ஒரு வேலையும் செய்யவிடாமல் நடுவில் இருத்தி எல்லோரும் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அக்கா அப்படிச் சிரித்ததை அதன் பிறகு நான் காணவில்லை.

இயக்கத்துப் பொடியள் மூன்று பேர் பின்மதிலால் குதித்து வந்தார்கள். கையில் துவக்கு. ஒருவனுக்குத் தொடையில் காயம். அவனைக் குசினி வாசலில் கிடத்திவிட்டு மற்ற இருவரும் யன்னலுக்கு ஓடினார்கள். அடுத்த நிமிடம் ஜீப் வந்து நின்றது. ஒன்றல்ல, பல. பொலிஸ். எங்கள் பக்கத்தில் அவர்களை யாரும் காவல்துறை என்று சொல்வதில்லை. காவலுக்கு வந்தவர்களாக ஒருநாளும் தெரியவில்லை.

சுடுகிறார்கள். உள்ளே பெண்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் கத்தியது ஊருக்கே கேட்டது. இருந்தும் சுடுகிறார்கள். யன்னல் கண்ணாடி போகிறது. மண்டபத்தில் சுவாமிப் படம் போகிறது. மாப் பானை உடைந்து எல்லோர் தலையிலும் மா. காயப்பட்ட பொடியன் என் காலடியில் கிடக்கிறான். என்னைவிட இளையவன். தண்ணீர் கேட்கிறான். கொடுக்கிறேன்.

பிறகு ஒலிபெருக்கி. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு தமிழ். அது எங்கள் தமிழ். வடமராட்சிப் பக்கத்து ஆளின் பேச்சு.

"எல்லாரும் வெளியாலை வாங்கோ! கையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ! படலையாலை வராதேங்கோ! பொட்டாலை வாங்கோ! அக்காமார், பொட்டாலை வாங்கோ! அந்தப் பக்கம் நான் நிக்கிறன்!"

வேறு ஊர்க்காரருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டும். படலை என்றால் முன்வாசல் வேலிக் கதவு. பொட்டு என்பது பக்கத்து வேலியில் ஓலையை விலக்கி விடும் சிறிய வழி. குனிந்தால்தான் போகலாம். அடுத்த வீட்டில் கொஞ்சம் உப்பு வாங்கவும், ஊர்க்கதையைச் சுடச்சுடக் கொண்டுபோகவும் பெண்களும் பிள்ளைகளும் நாய்களும் அதால் போய்வருவோம். எங்கள் ஊர்களில் பொட்டு இல்லாத வேலி இல்லை. தெருவில் நிற்பவருக்கு அது தெரியாது. தெற்கிலிருந்து வந்த அதிகாரிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் 'வெளியே வா', 'கையைத் தூக்கு', அவ்வளவுதான். அந்த இரண்டையும் அவர் காதுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை எங்களுக்குச் சொன்னார் ஒலிபெருக்கியில் பேசிய அந்தத் தமிழ்ப் பொலிஸ்காரர்.

காயப்பட்ட பொடியன்தான் முதலில் பேசினான். "போங்கோ அக்கா. கெதியாப் போங்கோ." யன்னலில் நின்ற இருவரும் அவனை விட்டுவிட்டு வர மாட்டோம் என்றார்கள். நாங்கள் தவழ்ந்தோம். கிணற்றடி. துவைக்கிற கல். வேலி. தலையைக் குனிந்து ஒவ்வொருவராக நுழைந்தோம். ஓலை முள் கன்னத்தைக் கிழித்தது. பக்கத்துச் சிறு தெருவான ஒழுங்கையின் முனையில் காக்கிச் சட்டை ஒன்று நின்றது. கையில் ஒலிபெருக்கி. தோளில் துவக்கு. எங்களைப் பார்த்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுடவில்லை.

குசினியில் எங்களோடு கிடந்த அப்பா வரவில்லை.

அப்பா காலியிலும் மாத்தறையிலும் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் தவழத் தொடங்கும்போது அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கையை விடுவித்துச் சேட்டுப் பொத்தானைப் போட்டார். வேட்டியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். அந்த நேரத்தில் மாவைத் தட்டினார்.

"களவெடுத்தவன் மாதிரி வேலிக்குள்ளாலை பூந்து போகவோ? இது என்ரை வீடு. நான் படலையாலை போய் அவங்களோடை அவங்கடை பாஷையிலை கதைப்பன்."

நான் வேலிக்கு மற்றப் பக்கம் நின்று கேட்டேன். படலை திறக்கும் கிறீச்சிட்ட சத்தம். அப்பாவின் குரல். சிங்களத்தில், மரியாதையாக, ரயில் பயணி ஒருவருக்கு வழி சொல்வதுபோல் தொடங்கினார். ஒரு வசனம் முடியவில்லை.

மொன்றியல். இரண்டாயிரத்து ஏழு. நான் சென்ட் லோரன்டில் ஓர் அறை வீட்டில் இருக்கிறேன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் வேலை. தட்டு, பாண், வெண்ணெய், சின்ன முள்ளுக்கரண்டி. நாள் முழுக்க எங்கேயோ போகிறவர்களுக்குச் சாப்பாடு அடுக்கிவிட்டு நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். வீட்டில் பேச ஆளில்லை. அம்மா அக்காவோடு வேறு மாகாணத்து ஸ்காபரோவில் இருந்து அங்கேயே காலமானார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசி எடுப்பாள். அந்த ஓர் அழைப்புக்காகக் கிழமை முழுக்கப் பேச்சைச் சேர்த்து வைப்பேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊரார் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்ச்சங்கத்துப் பெரியவர்கள். இத்தனை வருடத்தில் என் கதவைத் தட்டாதவர்கள். தேத்தண்ணி கொடுத்தேன். அந்தப் பொலிஸ்காரன் இங்கே வந்துவிட்டான் என்றார்கள். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறானாம். அகதி அந்தஸ்து கேட்டிருக்கிறானாம். ஸ்டேஷன் மாஸ்டரைத் தமிழில் கூப்பிட்டு வெளியே எடுத்துச் சுடக் கொடுத்தவன் அவன்தான், அதை விசாரணையில் நீ வந்து சொல்ல வேண்டும், அக்காதான் உன் விலாசத்தைத் தந்தார் என்றார்கள்.

ஊருக்கு அந்தக் கதைதான் தெரியும். எங்களோடு பொட்டால் வந்த பெண்கள் ஒரு பொலிஸ்காரர் வழி சொன்னார் என்று வெளியில் சொல்லப் பயந்தார்கள். வீடுகளுக்குள் பதுங்கிக் கிடந்தவர்களுக்கு 'வெளியாலை வாங்கோ' மட்டும்தான் விளங்கியது. பிறகு வெடி கேட்டது. பிறகு படலையடியில் அப்பா கிடந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

நான் வந்து சொல்கிறேன், ஆனால் கேட்டதைத்தான் சொல்வேன் என்றேன். என்ன கேட்டது என்றார்கள். சொன்னேன். அவர்களில் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். துரோகிக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு வேலிக்குள்ளால் நுழைந்தது நீங்களா நானா என்று கேட்டேன். தேத்தண்ணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அக்காவுக்கு எடுத்தேன். மனு தள்ளுபடியானால் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே பொலிஸில் இருந்ததால் இயக்கத்துக்கு அவர் துரோகி. எங்களைத் தப்பவிட்டது தெரிந்தால் அரசாங்கத்துக்கும் அவர் துரோகி. அப்படியே சொன்னேன். அக்கா அழுதாள். அப்பாவைக் கொன்றவனுக்காக நீ கதைக்கிறாய் என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அக்கா, பொட்டாலை முதல் போனது நீதான்."

அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பது கேட்டது. பிறகு அழைப்பை வெட்டிவிட்டாள்.

அவள் மனம் எனக்குத் தெரியாமல் இல்லை. பொலிஸ்காரன் கூப்பிட்டுக் கொன்றான் என்றால் அப்பா ஏமாந்து செத்தார். பொலிஸ்காரன் வழி சொன்னான் என்றால் அப்பா வழி தெரிந்தும் போகாமல் செத்தார். அவளுடைய கல்யாணப் பலகாரம் சுட்ட நாளில், வேட்டியில் மா ஒட்டிய நிலையில், ஒரு தரம் குனிய மனமில்லாமல். அதை வைத்துக்கொண்டு ஒரு மகள் எப்படி வாழ்வாள். நான் வாழ்கிறேன். ஆனால் நான் தேற்ற வேண்டிய பிள்ளைகள் இல்லை, என்னைக் கேள்வி கேட்கப் புருஷனும் இல்லை. எனக்குச் சுலபம் என்று அக்கா நினைக்கலாம்.

அந்த மனிதரின் வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து, சாட்சி சொல்ல வருவதாக நானே சொன்னேன். விசாரணை நாள். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் போய் இறங்குகிறேன். உயரமான கட்டிடம். யன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குவளை, ஒலிவாங்கி. விசாரிப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பிரெஞ்சில் கேட்கிறார். மொழிபெயர்ப்பவர் சென்னைப் பக்கத்துப் பொடியன், படிக்க வந்தவன். பொட்டு என்ற இடத்தில் அவனும் தடுமாறுகிறான். நான் கையால் வேலி காட்டினேன். கதிரையை விட்டு எழும்பிக் குனிந்தும் காட்டினேன். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பொலிஸ்காரர் ஒரு பக்கத்தில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. நீல நிறச் சேட்டு. உணவகத்துச் சவர்க்காரத்தில் விரல்கள் வெடித்திருக்கின்றன. என்னைப் பார்க்கவில்லை. ஒழுங்கை முனையில் திருப்பிய முகத்தை இன்னும் திருப்பியே வைத்திருக்கிறார்.

அந்தப் பெண் ஆறுதலாகக் கேட்டார். இந்த மனிதர் பக்கத்து வழியைச் சொன்னார் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் தந்தை ஏன் முன்வாசலால் போனார்? அவருக்குக் கேட்கவில்லையா?

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் நல்லதாக முடிந்திருக்கும். அந்தப் பொலிஸ்காரருக்கும் நல்லது. அப்பாவுக்கும் நல்லது. அக்கா மறுபடி தொலைபேசி எடுத்திருப்பாள். அடுக்கு வெடி, ஒலிபெருக்கி கரகரப்பு, வயதான மனிதர். யார் மறுப்பார்கள்.

"கேட்டது. விளங்கியும் இருந்தது. அவருக்கு மானம் பெரிசு. அதாலை போனவர்."

மொழிபெயர்ப்பவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பிரெஞ்சில் சொன்னான். அந்தப் பெண் எழுதினார். நான் தண்ணீர் குடித்தேன்.

விசாரணை முடிந்தபின் லிஃப்ட் அடியில் அவர் நின்றார். என்னோடு ஏறாமல் அடுத்ததற்காக ஒதுங்கினார். நான் ஏறவில்லை. அண்ணை என்று கூப்பிட்டேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"படலையாலை ஆர் வந்தாலும் சுடச் சொல்லித்தான் ஓடர், தங்கச்சி. இவ்வளவு காலமும் நான் நினைச்சது, ஐயாவுக்குக் கேக்கேல்லை எண்டு. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருக்கலாம் எண்டு."

"நீங்கள் கத்தினது காணும் அண்ணை."

அவர் அழுதார். ஒரு சத்தமும் இல்லாமல் அழுதார். பொலிஸ் வேலையில் வந்த பழக்கமோ என்னவோ. கோப்பி குடிப்போமா என்று கேட்டேன். வேண்டாம், என்னோடு உங்களை யாராவது கண்டால் உங்களுக்குத்தான் கரைச்சல் என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னார். பிறகு மாசியில் மனு ஏற்கப்பட்டதாக அவருடைய வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் சொன்னார். அவர் கல்கரிப் பக்கம் போய்விட்டாராம். அங்கே தமிழர் குறைவு என்பதற்காகப் போனாராம். எனக்குப் புரிந்தது.

பிறகும் நான் அடுக்கிய தட்டுகளோடு விமானங்கள் போய்வந்தன. கோயிலில் ஊர்ப்பெண்கள் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்னதானப் பந்தியில் என் பக்கத்து இடம் கடைசியில்தான் நிரம்பும், சில நாள் நிரம்பாது. நான் போவதை நிறுத்தவில்லை. கடவுள் ஊர்ச்சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

இப்போது இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இதை வாசிப்பவர் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

அப்பா. படலையடியில். அறுபது தாண்டியிருந்தார்.

மூன்று பொடியள். யன்னலில் நின்ற இருவரும், குசினி வாசலில் கிடந்தவனும். ஊர் பேர் தெரியாது. அவர்களைத் தேடி எந்தத் தாயும் எங்கள் பக்கம் வரவில்லை. ஒருவேளை எந்த இடத்தில் தேடுவதென்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

வீடு. பின்னேரம் எரித்தார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேயே இருந்தது.

கல்யாணம். சாவு விழுந்த வீட்டில் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அக்கா பிறகு வேறொருவரைக் கட்டினாள், பலகாரம் இல்லாமல்.

அம்மாவின் பேச்சு. அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் வாய் திறந்தார்.

அக்கா. ஸ்காபரோவில் உயிரோடு, சுகமாக இருக்கிறாள். அவளுடைய இலக்கம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறேன், மணி அடித்து ஓய்கிறது. அவளையும் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.