அசைந்தால்தான் காற்று

பெயர் வாக்குமூலத்தின் மேலே எழுதப்பட்டுள்ளது. வாய் மூடாமல் பேசுவதால் வேலையிடத்தில் என்னை ரேடியோ அக்கா என்பார்கள். வயது நாற்பத்து நான்கு. பல்கலைக்கழகத்தின் பின்தெருவில் வாடகை வீடு. பல்கலைக்கழகத்திலேயே ஒப்பந்தத் துப்புரவு வேலை. கண்ணாடியை உடைத்தது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிய பசுமைக் கட்டிடத்தில் ஜன்னல் எதுவும் திறக்காது. மின்சாரம் வீணாகக் கூடாதென்று, ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும், காற்று வரும். மாலைக்கு மேல் கொஞ்ச நேரம் அசைவில்லாவிட்டால், ஆளில்லை என்று எடுத்துக்கொண்டு கதவும் பூட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை மாலை நானும் என் தங்கையும் மேல்மாடிக் கண்காட்சி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. தலை சுற்றுகிறது என்று தரையில் படுத்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு விளக்கு அணைந்து, காற்று நின்று, கதவு பூட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்து மாப்பை ஆட்டியதும் விளக்கும் காற்றும் வந்தன. கதவு மட்டும் திறக்கவில்லை. கதவைத் திறக்கும் எங்கள் அட்டை மாலைக்கு மேல் செல்லாது.

அதன் பிறகு காவலாளிக்குப் போன் செய்தேன். “சாவியே கிடையாதுக்கா, எல்லாம் மெஷின்தான். இன்ஜினியரைக் கேளுங்க” என்றார். இன்ஜினியர், “வந்துக்கிட்டே இருக்கேன்மா. அதுவரைக்கும் மாப்பை ஆட்டிக்கிட்டே இருங்க. கண்ணாடி கிண்ணாடி மேல பட்டுடப் போகுது” என்றார்.

அதன் பிறகு ஆட்டிக்கொண்டே இருந்தேன். தங்கை படுத்தபடி, “என் கல்யாணத்துலகூட நீ இப்படி ஆடலையேக்கா” என்றாள். இருவரும் சிரித்தோம். மறுபடி போன் செய்தேன், இன்ஜினியர் எடுக்கவில்லை. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கையை இறக்கினால் இருட்டும் புழுக்கமும். அதன் பிறகு தங்கையைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அலமாரியில் அந்தக் கட்டிடத்துக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் விருதுக் கேடயம் இருந்தது. கனமான பொருள் அது ஒன்றுதான். அதை எடுத்து ஜன்னலை உடையும்வரை அடித்தேன். கண்ணாடி தெருவில் விழுந்த பிறகு, இல்லாத சாவி எங்கிருந்தோ வந்தது.

அறையில் ஒரே ஆள் இருந்ததாக மெஷின் காட்டுகிறதாம். நான் தனியாக இருந்து, கோபத்தில் உடைத்தேன் என்று புகார். அப்படியே ஒப்புக்கொண்டால் வேலையாவது மிஞ்சும் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். ஒப்புக்கொண்டால் பொய், மறுத்தால் என் வீட்டிலும் தங்கை வீட்டிலும் அடுப்பு எரியாது. என்னை மெஷின் எண்ணியது, நான் ஆடிக்கொண்டிருந்தேன். அசையாமல் கிடந்தவளை எண்ணவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தங்கையிடம், “குழந்தை அசையுதாம்மா?” என்று கேட்டார். அவள் வயிற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தாள்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதற்கும் இதில் உள்ளதற்கும் வித்தியாசம் இல்லை. மூன்று என்பதைத் திருத்தச் சம்மதிக்காமல் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)