அடகுக்குப் போன செக்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அக்கரைச் சீமையில், சோலோன் என்ற ஊருக்குப் போகும் டிராமில் என் எதிரே நனைந்த கோட்டோடு உட்கார்ந்த காரைக்கால் குமாஸ்தா, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் வெடித்தார்.

"நான் குடுத்த செக்கை அடகு வச்சுட்டாண்ணே!"

"யாரு?"

"எங்க வீட்டுக்கு ஓடு மாத்துன மேஸ்திரி."

"பேங்க்ல நீட்டுனா பணம் தரப்போறான். அதை எதுக்கு அடகு வைக்கணும்?"

"பேங்க்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்களாம். நம்ம மார்க்கெட் தெரு செட்டியார் ஒண்ணுமே கேக்கலையாம். செக்கைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுக் கடன் குடுத்துட்டாரு. இவன் மாசாமாசம் வட்டி கட்டுறான்!"

"அது அவன் தலையெழுத்து. உனக்கென்னப்பா?"

"எனக்கென்னவா? நேத்து மழையில கட்டில் மேலயே ஒழுவிச்சு. போய்க் கேட்டா, 'உங்க காசை நான் இன்னும் தொடவே இல்லையே, முசே'ங்குறான்."