பட்டுவேட்டியோடு கடற்கரைக்கு

எங்கள் சனத்துக்கு நெஞ்சில் ஈரமில்லை. சனிக்கிழமை சிட்னி ரயிலில் பட்டுவேட்டி கட்டிய ஒருவரிடம், பக்கத்தில் இருந்தவர் கேட்டார்:

“அண்ணை, கோயிலுக்கோ?”

“இல்லைத் தம்பி. உடுப்பில்லாமல் குளிக்கிற பீச்சுக்கு.”

“அதுக்கேன் பட்டுவேட்டி?”

“கிரவீனில இருக்கிற எங்கட ஆக்கள் கண்டால் கோயிலெண்டு நினைப்பினம். திரும்பி வரேக்க திருநீறும் பூசுவன். வேட்டியெண்டால் கழட்டவும் சுகம்.”

“வெக்கமில்லையோ?”

“முதல்நாள் இருந்தது. பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவன் சாண்ட்விச்சில பாதியைத் தந்து, அடுத்த கிழமையும் வருவியோ எண்டு கேட்டான். என்ர மனுசி செத்து நாலு வருசம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை.”

மற்றவர் ஃபோனைப் பார்க்கத் தொடங்கினார்.

பட்டுவேட்டிக்காரரின் மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் பந்தியில் இருந்து சாப்பிட்டவர்களே, அதன்பிறகு அவர் வீட்டுக் கதவை யார் தட்டினீர்கள்? வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில், எல்லாருக்கும் முன்னால் எழுந்து சொல்லுங்கள்.